கடன் முற்றிய நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

(குன்னூர் ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நம் மலையில் கடன் இல்லாத வீடு குறைவு. தேயிலை வைத்திருப்பவருக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் பச்சைத் தேயிலை விலையை அறிவிக்கிறது. விலை குறைந்தது என்பதற்காக உரக்கடை பாக்கியோ பறிக்கும் கூலியோ குறைவதில்லை. கேரட், உருளைக்கிழங்கு போடுபவர் மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் வாங்கித்தான் விதைக்கிறார். கடைக்காரரும் டாக்ஸி ஓட்டுபவரும் ஏப்ரல், மே சீசனை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகு பழைய கணக்கு செல்லாது என்று சொல்லாத வியாபாரி இல்லை. இவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகளும் அல்ல, ஊதாரிகளும் அல்ல. உழைத்தும் கடனில் மாட்டிக் கொண்டவர்கள்.

‘கடன் வாங்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு மிம்பரை விட்டு இறங்குவது எளிது. ஏற்கெனவே வாங்கி, கழுத்து வரை வந்து நிற்பவருக்கு அந்த உபதேசத்தால் என்ன பயன்? அவருக்கு முன்னால் எத்தனை கதவுகள் இருக்கின்றன, எது ஹலாலான கதவு, எது குழியில் தள்ளும் கதவு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

கடன் முதலில் கெடுப்பது நாவை

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அதிகம் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று விளக்கினார்கள். இது புகாரியில் பதிவான செய்தி.

கவனியுங்கள். நபியவர்கள் வறுமையைச் சொல்லவில்லை, பசியைச் சொல்லவில்லை. நாவு கெட்டுப் போவதைச் சொன்னார்கள். ‘திங்கட்கிழமை கண்டிப்பாகத் தருகிறேன்’ என்பது ஒரு பொய். போன் அடிக்கும்போது பிள்ளையிடம் கொடுத்து ‘வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்’ என்பது இரண்டாவது பொய். அதில் பிள்ளையும் பங்காளி. பிறகு கடன் கொடுத்தவர் எந்தப் பள்ளியில் தொழுகிறாரோ அந்தப் பள்ளிக்கே போகாமல் இருப்பது. பணக் கடன் இப்படித்தான் மார்க்கக் கடனாக மாறுகிறது.

ஒளிந்து கொண்ட ஒரு கடனாளி

ஸஹீஹ் முஸ்லிமில் அபுல் யஸர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வருகிறது. அவர்களுக்கு பனூ ஹராம் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் பணம் தர வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் ஸலாம் சொன்னார்கள். ஆள் இல்லை என்று பதில் வந்தது. அந்த வீட்டுச் சிறுவன் வெளியே வந்தான். உன் தந்தை எங்கே என்று கேட்டதும், உங்கள் குரலைக் கேட்டு என் தாயின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அபுல் யஸர் அவரை வெளியே வரச் சொல்லி, ஏன் ஒளிந்தீர் என்று கேட்டார்கள். அந்த மனிதர் சொன்ன காரணம்: உங்களிடம் பேசினால் பொய் சொல்லிவிடுவேனோ, வாக்களித்து மீறிவிடுவேனோ என்று பயந்தேன், நீங்களோ அல்லாஹ்வின் தூதருடைய தோழர், உண்மையில் நான் சிரமத்தில் இருக்கிறேன். அபுல் யஸர் அவரை அல்லாஹ்வின் மீது ஆணையிடச் செய்தார்கள். பிறகு கடன் பத்திரத்தை எடுத்துத் தம் கையாலேயே அழித்தார்கள். வசதி வந்தால் கொடுங்கள், இல்லையென்றால் நீங்கள் விடுவிக்கப்பட்டவர் என்றார்கள். சிரமப்படுபவருக்கு அவகாசம் தருபவரை அல்லது தள்ளுபடி செய்பவரை அல்லாஹ் தன் நிழலில் வைப்பான் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதையும் அறிவித்தார்கள்.

இதில் கடனாளிக்குள்ள பாடத்தைப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால் இருந்த வரை அவருக்குக் கிடைத்தது பயம் மட்டும்தான். வெளியே வந்து ‘நான் சிரமத்தில் இருக்கிறேன்’ என்று சொன்ன பிறகுதான் பத்திரம் அழிக்கப்பட்டது. ஒளிந்திருப்பவனுக்கு எந்தச் சலுகையும் வந்து சேராது. கடனிலிருந்து வெளியேறும் எல்லா வழிகளும் முகத்தைக் காட்டி உண்மையைச் சொல்வதில்தான் தொடங்குகின்றன.

முதல் வேலை: எழுதுங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். நம்மில் பலருக்குத் தம் மொத்தக் கடன் எவ்வளவு என்றே தெரியாது. தெரிந்தால் தூக்கம் போய்விடும் என்று கூட்டிப் பார்ப்பதில்லை.

உதாரணத்துக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநரை எடுத்துக் கொள்வோம். கார் கடன் 4,20,000. நகைக் கடன் 1,10,000. மச்சானிடம் கைமாற்று 60,000. மனைவி பெயரில் குழுக் கடன் 45,000. மளிகைக் கடை பாக்கி 18,000. செல்போன் ஆப்பில் எடுத்தது 12,000. மொத்தம் 6,65,000 ரூபாய். ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை தேதி என்ன, என்ன அடமானம் என்று எழுதுங்கள். மனைவியை உட்கார வைத்து எழுதுங்கள். அவருடைய நகையும் அவருடைய பெயரும் இதில் மாட்டியிருக்கிறது. மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவருடைய மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அடகு வைத்திருந்தால் அதுவும் உங்கள் மீதுள்ள கடன்தான். அந்தத் தாளில் அதையும் சேர்க்க வேண்டும்.

முதல் கதவு: அவகாசம்

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், தர்மமாக விட்டுக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் 2:280 வசனம் கற்பிக்கிறது. எனவே அவகாசம் கேட்பது வெட்கமல்ல. ஆனால் கேட்கும் முறை இருக்கிறது. தவணை தேதி தாண்டிய பிறகு போனை அணைத்துவிட்டு, ஆள் வந்து கதவைத் தட்டியதும் கேட்பது முறையல்ல. தேதிக்கு முன்பே போய், ‘மாதம் 8,000 என்னால் முடியாது, 3,000 முடியும், இந்தத் தேதியிலிருந்து’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கியிலும் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். காலத்தை நீட்டுவதற்காக வட்டி கூடுமா என்பதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். வட்டியை ஏற்றி நீட்டுவதற்குப் பெயர் அவகாசம் அல்ல. ஜாஹிலிய்யா காலத்து வட்டி அதுதான்.

இரண்டாம் கதவு: பேசித் தீர்ப்பது

மஸ்ஜிதுந் நபவியில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், தமக்குக் கடன் தர வேண்டிய இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பணத்தைக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியை விட்டுக் கொடுக்குமாறு கஅபுக்குக் கையால் சைகை செய்தார்கள். கஅப் உடனே சம்மதித்தார்கள். மற்றவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடுங்கள் என்றார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இன்று வங்கியில் ‘ஓ.டி.எஸ்.’ என்று சொல்கிறார்களே, ஒரே தவணையில் தீர்ப்பது, அதன் அடிப்படை இதுதான். கட்டத் தவறி நின்றுபோன கடனில் வங்கி வட்டியை, சில சமயம் அசலில் ஒரு பகுதியையும் விட்டு மீதியை வாங்கிக் கொள்ள ஒப்புக் கொள்கிறது. வட்டி கழிந்து அசல் மட்டும் போவது 2:279 வசனம் காட்டும் நீதிக்கு நெருக்கமானது. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். இரண்டு, சிபில் அறிக்கையில் ‘முழுமையாக முடிந்தது’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். பிறகு கடன் கிடைப்பது கடினம். வட்டியிலிருந்து விலக நினைப்பவருக்கு அது நஷ்டமா என்பதை நீங்களே யோசியுங்கள். மூன்று, முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். சொத்துப் பத்திரம் வைத்திருந்தால் 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு உத்தரவு.

நேரடியாகப் பேச முடியாத இடத்தில் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது. வழக்கு போடுவதற்கு முன்பே கூட அங்கே பேசித் தீர்க்கலாம். அங்கே ஒப்புக் கொண்டது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே முடிந்ததை மட்டும் ஒப்புக் கொள்ளுங்கள். நமக்கு உதகையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.

மூன்றாம் கதவு: இருப்பதை விற்பது

இதுதான் நம்மவர்கள் கடைசியாகத் தட்டும் கதவு. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது 22 லட்சம் கடன் இருந்தது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஃகாபா என்ற விலையுயர்ந்த நிலத்தை விற்றார்கள். கடன்காரர் எவராவது விடுபட்டிருக்கிறாரா என்று நான்கு வருடம் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு வைத்தார்கள். சுவனத்தின் நற்செய்தி பெற்ற ஸஹாபியின் குடும்பம் நிலத்தை விற்கத் தயங்கவில்லை.

அந்த டாக்ஸி ஓட்டுநருக்கு வருவோம். கார் 5,00,000 போகும் என்று வைத்துக் கொள்வோம். நிதி நிறுவனம் தூக்கிக் கொண்டு போய் ஏலம் விடுவதற்கு முன், அவர்களிடம் சொல்லி அவரே விற்றால் நல்ல விலை கிடைக்கும். கார் கடன் முடிந்து 80,000 மிஞ்சும். அதில் ஆப் கடன், மளிகை பாக்கி, குழுக் கடன் மூன்றும் தீர 75,000. மீதி 5,000ஐ மச்சான் கையில் கொடுத்து, மாதத் தொகைக்குத் தேதி எழுதிக் கொடுக்கலாம். 6,65,000 கடன் 1,65,000 ஆகிவிடும். அவர் இன்னொருவர் காரில் சம்பளத்துக்கு ஓட்டுவார். ‘ஓனராக இருந்தவன் டிரைவராகிவிட்டான்’ என்று ஊர் ஒரு வாரம் பேசும். பேசட்டும். ஆறு கடன்காரருக்கு ஒளிந்து வாழ்பவனுக்கா கௌரவம், சம்பளத்துக்கு ஓட்டி நிம்மதியாகத் தூங்குபவனுக்கா?

நான்காம் கதவு: ஜகாத்

ஜகாத் பெறத் தகுதியான எட்டு பிரிவினரில் கடனாளியும் ஒருவர் என்று 9:60 வசனம் சொல்கிறது. பிச்சை அல்ல, அல்லாஹ் எழுதி வைத்த பங்கு. ரமளானில் சேலையும் அரிசியும் கொடுப்பதோடு ஜகாத் முடிந்தது என்று நினைக்கிறோம். தேவைக்காகக் கடன்பட்டு நொடிந்த ஒருவரை வருடத்துக்கு ஒருவராக மீட்டெடுத்தால் மஹல்லாவின் நிலை மாறும்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு மஸ்அலா: ‘அவர் எனக்கு 20,000 தர வேண்டும், அதை என் ஜகாத்தில் கழித்துக் கொள்ளலாமா?’ கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஜகாத் அவர் கையில் சேர வேண்டும். நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுங்கள். அவர் விரும்பி அதைக் கொண்டே உங்கள் கடனைத் தீர்த்தால் அது கூடும்.

ஐந்தாம் கதவு: நீதிமன்றம்

‘மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று கேலியாகச் சொல்வார்கள். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி ‘ஐ.பி.’ தாக்கல் செய்வது அது. இதற்கு நம் ஃபிக்ஹிலும் இடம் உண்டு. ‘தஃப்லீஸ்’ என்று பெயர். நபியவர்கள் காலத்தில் ஒருவர் வாங்கிய பழங்களில் நஷ்டமடைந்து பெருங்கடனாளியானார். அவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள். மக்கள் கொடுத்தும் போதவில்லை. கடன்காரர்களிடம், கிடைத்ததை எடுத்துக் கொள்ளுங்கள், இப்போது உங்களுக்கு அவ்வளவுதான் என்று தீர்ப்பளித்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது. உமர் (ரலி) அவர்களும் நொடித்துப் போன உஸைஃபிஃ என்பவரின் சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவதாக மக்கள் முன் அறிவித்தார்கள் என்று முவத்தாவில் வருகிறது.

ஆனால் நன்றாக விளங்கிக் கொள்ளுங்கள். நீதிமன்றம் விடுவித்தாலும், கடன் கொடுத்தவர் மன்னிக்காத வரை பாக்கி நம் பொறுப்பில் இருக்கிறது. நாளை வசதி வந்தால் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். ஷஹீதுக்கும் மன்னிக்கப்படாதது கடன் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வீட்டை மனைவி பெயருக்கும் கடையைத் தம்பி பெயருக்கும் மாற்றிவிட்டு ஐ.பி. போடுவது மோசடி. சட்டத்திலும் அது நிற்காது, மஹ்ஷரிலும் நிற்காது.

இவை கதவுகள் அல்ல

வட்டிக் கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்குவது கொள்ளிக் கட்டையால் தலையைச் சொறிவது. செல்போன் ஆப் கடன் அதிலும் மோசம். ‘உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். அவர்கள் பேசுவதை நீங்களே இலவசமாக வங்கியில் பேசலாம்.

அரசு தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் தீர்வல்ல. 1938இல் ராஜாஜி ஆட்சியில் சென்னை மாகாணம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. அசலைப் போல் இரு மடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாக அது கருதியது. 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடனைத் தள்ளுபடி செய்தது. தகுதியிருந்து கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், வாங்கிக் கொள்ளலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருந்தன, கிடைக்காதவர்களும் இருந்தார்கள். வரும் என்று நினைத்துக் கட்டாமல் விட்டவருக்கு வட்டிதான் ஏறியது. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கியவருக்கு அல்லாஹ் உதவுகிறான் என்ற ஹதீஸ், தள்ளுபடியை எண்ணி வாங்குபவருக்குப் பொருந்தாது.

மிரட்டலுக்குப் பயந்து ஓடாதீர்கள். குழுக் கடன் வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக்கூடாது. மற்ற கடன்களில் காலை 8 முதல் இரவு 7 வரைதான் அழைக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கந்து வட்டி, மீட்டர் வட்டி 2003 முதல் தமிழகத்தில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. கடன் வசூலில் அத்துமீறுவதற்கு எதிராக 2025இலும் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது.

அன்பானவர்களே! 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே உயிரை இழந்தது. கடன் முற்றும்போது ஷைத்தான் காதில் சொல்லும் வழி அது. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதை நாமே மாய்த்துக் கொள்வதை 4:29 வசனம் தடுக்கிறது. அப்படி ஓர் எண்ணம் யாருக்காவது வந்தால் அன்றிரவே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். 104, 14416 என்ற எண்களில் இரவிலும் பேசலாம். பள்ளியின் அறைக் கதவையும் எந்த நேரமும் தட்டலாம். எந்தக் கடனும் உங்கள் பிள்ளைக்கு உங்களைவிடப் பெரிதல்ல.

கொடுத்தவர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

நம்மிடம் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. சத்தம் போடும் வட்டிக்காரனுக்கு முதல் தேதியே கட்டிவிடுகிறோம். வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், அல்லாஹ்வுக்காகக் கொடுத்த மச்சானையும் அண்டை வீட்டாரையும் வருடக் கணக்கில் அலைய விடுகிறோம். அவர் சாது, கேட்கமாட்டார் என்ற தைரியம். இதனால் என்ன ஆயிற்று? ‘கொடுத்தால் திரும்பாது’ என்று அழகிய கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக் கொண்டார்கள். அடுத்து வரும் ஏழைக்கு வட்டிக் கடை மட்டுமே மிஞ்சியது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. 500 ரூபாயாக இருந்தாலும் சாதுவானவருக்கு மாதாமாதம் போய்ச் சேரட்டும்.

கொடுத்தவர்களே! உண்மையிலேயே முடியாதவரிடம் அபுல் யஸராக இருங்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! நபியவர்கள் ஒரு யூதரிடம் கவசத்தை அடமானம் வைத்து வாற்கோதுமை வாங்கினார்கள். அடமானம் ஹலால், வட்டிதான் ஹராம். நகையை அடமானமாகப் பெற்று வட்டியின்றிக் கடன் தரும் ஒரு சிறிய நிதி, கணக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் கடனாளியோடு கூடப் போய்ப் பேச ஒருவர், இந்த மூன்றையும் நம் பைத்துல் மால் ஏற்பாடு செய்ய வேண்டும். யார் வந்தார் என்பது வெளியே தெரியக் கூடாது.

இன்று அஸருக்குப் பின் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். எழுதுங்கள், கூட்டுங்கள். நீங்கள் அதிகம் ஒளிந்து திரியும் அந்த ஒருவரிடம் நாளைக்கே போய் ஸலாம் சொல்லி உண்மையைச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! கடனில் தவிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு உன் ஹலாலைக் கொண்டே போதுமாக்கி வைப்பாயாக. எங்கள் நாவுகளைப் பொய்யிலிருந்து காப்பாயாக. கொடுத்தவர்களின் உள்ளத்தில் இரக்கத்தையும், வாங்கியவர்களின் உள்ளத்தில் நாணயத்தையும் தருவாயாக. எவருடைய கடனும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக் கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.